மீனம்மா என்ற ஒரே பாவனையாளர்

கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தபோது நான் நூலகத்தில் கூரை ஒழுகும் இடத்தில் வாளி வைத்துக்கொண்டிருந்தேன்.

"மிஸ், நல்ல செய்தியொண்ணு ஈக்கி. உங்க மீனம்மாக்கு பரிசு கிடைச்சீக்கி" என்றான் நிப்ராஸ்.

நிப்ராஸ், எங்களுக்குக் கணித சீடி விற்ற கொம்பனியின் ஆள். கழுத்துப் பட்டி கட்டிய இளைஞன். அந்த வருடம், இரண்டாயிரத்து நான்கில், பிரதேச சபை எங்கள் நூலகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் கொடுத்திருந்தது. அதற்குள் போட ஏதாவது வேண்டும் என்று நான் அலைந்து பிடித்தது இந்த சீடி. பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்கான கணிதம் முழுவதும் தமிழில். பாடம் சொல்லும், கணக்குக் கேட்கும், பிழைவிட்டால் ஏன் பிழை என்று விளக்கும். மாதம் ஒருமுறை தொலைபேசிக் கம்பியில் இணைத்தால் யார் எவ்வளவு படித்தார்கள் என்று கொழும்புக்குத் தகவல் போகும்.

"இலங்கையிலயே கூடுதலா பாடம் செஞ்ச பிள்ளை அவ தான் மிஸ். ஒரு முக்கோணக் கணக்க எட்டுத் தரம் எட்டு விதமா பிழையா செஞ்சி, ஒம்பதாந் தரம் சரியா செஞ்சீக்கிறா. எங்க மேடம் அத மீட்டிங்ல எல்லாருக்கும் காட்டினாங்க. ஞாயித்துக்கிழம நான் கெமராவோட வாறேன்."

"தம்பி, கொஞ்சம் பொறுங்கோ, அந்த மீனம்மா எண்டுறது..."

வைத்துவிட்டான். கொழும்புக்காரர்களுக்கு நல்ல செய்தி சொல்லி முடித்தவுடன் அவசரம் வந்துவிடும்.

எங்கள் நூலகம் நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பாதையில், ஒரு சின்னக் கடைத்தெருவில், பக்கீர் நானாவின் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. பலகைத் தரை. கீழே கருவாட்டு மூட்டை பிரித்தால் மேலே வாசகர்கள் எழுந்து போய்விடுவார்கள். கடைக்குப் பின்னாலுள்ள அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். ஊர் யாழ்ப்பாணப் பக்கம், கரவெட்டி. நூலகராக நியமனம் கிடைத்து வந்து ஆறு வருடமாகியும் ஞாயிற்றுக்கிழமைகளில் போவதற்கு எனக்கு ஒரு வீடு அமையவில்லை. அதனால் விடுமுறை நாளிலும் நூலகத்தைத் திறந்து வைத்தேன். அப்படித்தான் ஒன்பது பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள்.

எல்லோரும் பள்ளிக்கூடம் விட்டவர்கள். மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்துக்காரிகள். சிலர் கொழுந்து எடுத்தார்கள், சிலர் கடையில் நின்றார்கள், ஒருத்தி பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள். ஒன்பது பேரும் சாதாரண தரத்தில் கணிதத்தில் மட்டும் கோட்டை விட்டவர்கள். அவர்களுடைய பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடமாகக் கணித வாத்தியார் இல்லை. இப்போது தோட்டப் பள்ளிகளுக்கு உதவி ஆசிரியர் எடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்திருந்தது. டிசம்பர் பரீட்சையில் கணிதம் சித்தியடைந்தால் விண்ணப்பிக்கலாம். இல்லாவிட்டால் கொழுந்துக் கூடைதான்.

சீடியை முதன்முதலாகப் போட்ட அன்று அது, 'பாவனையாளரின் பெயர்?' என்று கேட்டது. ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது. ஆங்கிலத்திலிருந்த ஒப்பந்தத்தை நான் அகராதி வைத்து இரண்டு இரவு வாசித்திருந்தேன். அதிலும் பாவனையாளர், அதாவது அதைப் பயன்படுத்துகிறவர், ஒருவர் என்றே இருந்தது.

"இதுக்கு ஏன் மிஸ் யோசிக்கிறீங்க?" என்றாள் காளியாயி. ஒன்பது பேருக்கும் சேர்த்துப் பேசுகிறவள் அவள்தான். "எங்க அக்காவுக்குக் காய்ச்சல்னா நான் அக்கா பேருல கொழுந்து எடுப்பேன். பெரட்டுல பேரு இருந்தா செரி. யாரு கை எடுத்துச்சின்னு தேயிலைக்குத் தெரியுமா?"

காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கூப்பிடுகிற பெயருக்கும் மலையேறுகிற ஆளுக்கும் இருக்கிற இந்த நெகிழ்ச்சி அங்கே எல்லோரும் அறிந்தது. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஒரு பெயர் கேட்டார்கள், ஒரு பெயர் கொடுத்தோம். விசைப்பலகைக்குப் பக்கத்தில் மீனம்மா இருந்ததால் அவளுடைய பெயர் போயிற்று. அன்றிலிருந்து ஒருத்தி அமர்ந்து கேள்வியைச் சத்தமாக வாசிப்பாள். மற்றவர்கள் சுற்றி நின்று கொப்பியில் செய்து, ஆளுக்கொரு விடை கத்துவார்கள். கத்தியதெல்லாம் மீனம்மாவின் விடையாகக் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஞாயிறு காலை பிள்ளைகள் வந்ததும் விசயத்தைச் சொன்னேன்.

"ஐயோ, பரிசா!" என்று காளியாயி மீனம்மாவின் முதுகில் ஒன்று வைத்தாள். "ஏய், சிரிச்சிக்கிட்டு வாங்கிக்க. போட்டோ எடுக்கையில வாயத் தொறந்துறாத, அவ்வளவுதான்."

மீனம்மா அந்த ஒன்பது பேரில் ஆகக் குறைவாகப் பேசுகிறவள். முகம் வெளுத்துவிட்டது. "அந்தச் சேரு ஒரு கணக்க குடுத்து போடச் சொன்னா? எட்டு பெழையில ஒண்ணு நான் போட்டது. எனக்கு ஒரு தரம் கூட வராது."

"நீ ஒம்பதாந் தரம் போட்டவன்னு சொல்லு" என்றாள் காளியாயி.

"அது நாகலெட்சுமி போட்டது."

நாகலெட்சுமி பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறவள். எதையும் இருமுறை யோசிப்பாள். "மிஸ்," என்றாள், "உண்மையச் சொல்லிட்டா சீடிய தூக்கிட்டுப் போயிருவாங்களா?"

"போகலாம்."

"பரிச்சைக்கு இன்னும் நாலு மாசந்தான் கெடக்கு."

"ஓம் பிள்ளை. ஆனா இல்லாத ஆளுக்குப் பரிசு வாங்கினா பிறகு ஒவ்வொரு மாசமும் அந்த ஆளை உண்டாக்கிக்கொண்டே இருக்கவேணும். எனக்கு அது ஏலாது. நான் சொல்லப் போறன். சொல்லிப்போட்டுப் பேரம் பேசுவம்."

"பேரமா?" காளியாயியின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பிடிச் சொல்லுங்க. நுவரெலியா மார்க்கட்டுல கரட்டு வாங்குறவ நான். நீங்க ஆரம்பிங்க மிஸ், நான் முடிச்சிவைக்கிறேன்."

நிப்ராஸ் பத்து மணி பஸ்ஸில் வந்தான். மழையில் நனைந்த கழுத்துப் பட்டி, தோளில் கெமரா, கையில் பளபளக்கும் காகிதத்தில் சுற்றிய பொதி. படியேறி வந்தவன், வரிசையாக நிற்கும் ஒன்பது பேரையும் பார்த்துச் சிரித்தான்.

"எல்லாரும் பாக்க வந்தீக்கிறாங்களா? நல்லம். மீனம்மா யாரு?"

ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் முன்னால் போனேன்.

"தம்பி, முதல்ல இருங்கோ. தேத்தண்ணி குடியுங்கோ. மீனம்மா எண்டுறது ஒரு ஆள் இல்லை. இந்த ஒன்பது பேரும் சேர்ந்துதான் மீனம்மா."

அவன் கோப்பையை வாயருகே கொண்டுபோனவன் அப்படியே வைத்திருந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு பெயர் கேட்டது, ஒரு பெயர் கொடுத்தது, முக்கோணக் கணக்கில் எட்டுப் பேர் எட்டு விதமாகப் பிழைவிட்டது.

"எண்ட அல்லாஹ்" என்றான். "மேடம் அந்த முக்கோணத்த வெச்சி, விடாமுயற்சி எண்டு பதினஞ்சி நிமிசம் பேசினாங்களே."

"விடாமுயற்சி தானே சேர்? எட்டுப் பேரு விடாம முயற்சி பண்ணினோம்" என்றாள் காளியாயி.

"தங்கச்சி, இது பகிடி இல்ல. லைசன்ஸ் ஒரு ஆளுக்கு. ஒம்பது பேர் பாவிச்சா அது மீறல். நான் மேடத்துக்குச் சொல்லத்தான் வேணும். அவங்க நிப்பாட்டச் சொன்னா எனக்கு ஒண்ணும் செய்ய ஏலாது."

"சொல்லுங்கோ. நானும் கதைக்கிறன்" என்றேன்.

நூலகத் தொலைபேசி அன்று மழையில் செத்துக் கிடந்தது; கைத்தொலைபேசிக்கு எங்கள் நூலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் அலை கிடைக்கும். சிங்களப் பத்திரிகைகள் தொங்கும் சன்னலருகில், கையை வெளியே நீட்டினால். நிப்ராஸ் கையை மழைக்குள் நீட்டி, ஒலிபெருக்கியைப் போட்டு, கழுத்தை உள்ளே வைத்துக்கொண்டு கதைத்தான். மறுபக்கம் அஸீலா மேடம். கொம்பனியின் தமிழ்ப் பகுதிக்குப் பொறுப்பானவர். குரல் சாந்தமாகத்தான் இருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார், "மிஸ், ஒங்கட நெலம வெளங்குது. ஆனா ஒரு ஆள் எண்டா ஒரு ஆள் தான். ஒம்பது பேருக்கு ஒம்பது லைசன்ஸ் எடுங்க. இல்லாட்டி ஒரு ஆள் மட்டும் பாவிக்கட்டும்."

"ஒம்பதுக்குச் சபை காசு தராது மேடம். ஒண்டு எடுக்கவே நான் தலைவரின்ர வாசல்ல ஒரு மாசம் நிண்டனான்."

"அப்ப ஒரு ஆள்."

காளியாயி சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். "மேடம், வணக்கம். அந்த ஒரு ஆளு யாருன்னு நீங்களே சொல்லிருங்க. நாங்க சொன்னா லயத்து வீடுகள்ல சண்டையாயிரும்."

மறுபக்கம் ஒரு சின்ன இருமல் கேட்டது. சிரிப்பை அடக்கிய இருமலா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் சொன்னேன், "மேடம், நீங்கள் இதை வித்தது ஒரு வீட்டுக்கு இல்லை, பொது நூலகத்துக்கு. இங்க ஒருத்தர் பேப்பரைச் சத்தமா வாசிச்சா பத்துப் பேர் கேக்கினம். ஒரு புத்தகம் லயத்துக்குப் போனா, ஒரு வரிசை வாசிச்சு முடிஞ்சுதான் திரும்பி வரும். பொது நூலகத்தில ஒரு ஆளுக்கெண்டு நான் இதுவரைக்கும் ஒண்டும் வைச்சிருக்கேல்ல, கதிரை கூட."

"புத்தகம் வேற மிஸ். புத்தகத்த நாங்க விக்கிறோம். இதுல பாவிக்கிற உரிமைய மட்டும் தான் குடுக்கிறோம்."

"சரி. அந்த உரிமையை ஆளைப் பார்த்துக் குடுக்காதேங்கோ. கம்ப்யூட்டரைப் பார்த்துக் குடுங்கோ. ஒரு கம்ப்யூட்டர், ஒரு அறை. நாங்கள் வேறெங்கயும் கொண்டு போகமாட்டம், பிரதி எடுக்கமாட்டம்."

"கம்ப்யூட்டருக்குக் குடுத்தா ஊரே வந்து பாக்கும்."

"ஊரே பாக்க ஏலாது மேடம். திரை சாப்பாட்டுத் தட்டு அளவுதான்."

நிப்ராஸ் தொலைபேசியை மற்றக் கைக்கு மாற்றி, நனைந்த கையைக் கழுத்துப் பட்டியில் துடைத்தான்.

"நிப்ராஸ்," என்றார் அஸீலா, "அந்த ஸ்கிரீன்ல ஒரே நேரத்துல எத்தின பேருக்குப் பாக்க ஏலும்?"

"தெரியா மேடம். நாலு, அஞ்சி பேர்?"

"அஞ்சா!" என்று காளியாயி கத்தினாள். "சேர், பத்தடிக் காம்பராவுல நாங்க எட்டுப் பேரு படுக்கிறோம். அதுல எங்க மாமா காலு நீட்டித்தான் படுப்பாரு. எடத்துக்குள்ள ஆளு புடிக்கிறதப் பத்தி எங்களுக்கா சொல்றீங்க?"

இந்த முறை அஸீலா சிரித்தது நன்றாகவே கேட்டது. "சரி. நேர்மையா செய்வோம். நிப்ராஸ், நீங்க எண்ணிப் பாருங்க. ஸ்கிரீன்ல உள்ள கேள்விய இருந்த எடத்துலயே வாசிக்க ஏலுமான ஆளத்தான் எண்ணணும். எத்தின பேர் வருதோ, அத ஒரு கம்ப்யூட்டருக்கான ஆகக் கூடின தொகையா எழுதுங்க. வருச முடிவு வரைக்கும், அதே காசுக்கு. ஆனா எனக்கு ஒரு நிபந்தன ஈக்கி."

"சொல்லுங்கோ."

"ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தப் பேர். யார் என்ன பிழ விடுறாங்க எண்டு தெரியாட்டி எங்களுக்கு பாடத்தத் திருத்த ஏலாது. புது சீடி அனுப்புறேன். பழைய மீனம்மாட புள்ளிகளப் பிரிக்க ஏலாது, அழிஞ்சி போகும். எல்லாரும் முதலாம் பாடத்துல இருந்து."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று மாதமாகப் பன்னிரண்டாம் பாடம் வரை ஏறியிருந்தார்கள். மீனம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"பரவால்ல மிஸ். பன்னெண்டாவதுல இருக்கது நானில்லையே. நான் மூணாவதுலதான் இருக்கேன்."

"நான் அஞ்சி" என்றாள் ஒருத்தி. "எனக்கு ரெண்டே தடுமாறுது" என்றாள் இன்னொருத்தி. நாகலெட்சுமி மட்டும் பெருமூச்சு விட்டாள். அவள் உண்மையாகவே பன்னிரண்டில் இருந்தாள்.

"சம்மதம் மேடம்" என்றேன்.

நிப்ராஸ் கம்ப்யூட்டரைப் போட்டு, ஆகச் சின்ன எழுத்தில் இருந்த ஒரு கேள்வியைத் தேடி எடுத்தான். கொம்பனிக்கு உண்மையாக இருக்கவேண்டும் என்று நினைத்திருக்கிறான்.

"சரி, வாங்க. வாசிக்க ஏலாத ஆள் கணக்கில்ல."

பிள்ளைகள் மேசையையும் உட்காரும் நீள வாங்கையும் ஒரு முறை பார்த்தார்கள். பிறகு ஒருவரும் கட்டளையிடாமலே இடம் பிடித்தார்கள். மூன்று பேர் மேசையோடு ஒட்டித் தரையில். மூன்று பேர் வாங்கில். இரண்டு பேர் வாங்குக்குப் பின்னால் முழங்காலில். மீனம்மா புத்தக அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒற்றைக் காலை வைத்து நின்றாள். ஒன்பது பேரும் ஒவ்வொருவராக வாசித்தார்கள். ஒரு தோட்டத்தின் செவ்வகப் பாத்தியின் நீளம் அதன் அகலத்தின் இருமடங்கிலும்... ஒன்பது முறை.

"ஒம்பது" என்று நிப்ராஸ் எழுதப் போனான்.

"பொறுங்க, இன்னும் எடம் கெடக்கு. மிஸ், நீங்க ஏன் தூர நிக்கிறீங்க? வாங்க" என்று காளியாயி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

ஆறு வருடத்தில் அந்த ஊரில் யாரும் என்னை அப்படி இழுத்ததில்லை. நான் முழங்காலில் இருந்த இருவருக்கும் நடுவில் போய்ச் சொருகிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து வாசித்தேன்.

"பத்து."

காளியாயி சன்னலால் குனிந்து கத்தினாள். "பொன்னையா அண்ணே! ஆட்டோவ நிறுத்திட்டு மேல வாங்க! ஒரு கேள்வி வாசிக்கணும்!"

"நான் பதினொண்ணோட பள்ளிக்கூடத்த விட்டவன் தாயி" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"நாங்களுந்தான்! வாங்க!"

பொன்னையா வந்தார். வாங்கின் முனையில் அரைவாசி உடம்பை வைத்து, பாத்தியின் நீளத்தை வாசித்தார். "இது யாரு தோட்டம்?" என்றும் கேட்டார். தரைப் பலகை ஒரு முறை நன்றாகவே முனகியது. அடுத்த நிமிடம் பக்கீர் நானா படியில் தடதடவென்று ஏறி வந்தார்.

"மிஸ்! என்ன நடக்குது? கீழ சீனி மூட்டைக்கு மேல தூசி கொட்டுது! பலக முறிஞ்சா நேரா என்ட தராசுக்கு மேலதான் விழுவீங்க!"

"நானா, கோவிக்காதேங்கோ. இதை ஒருக்கா வாசியுங்கோ."

"எத?"

"திரையில இருக்கிறதை."

பக்கீர் நானா கோபத்தோடே வாசித்தார். கதவடியில் நின்றபடி, ஒரு எழுத்தில்கூடத் தடுமாறாமல். கடைப் பெட்டிகளில் சின்ன எழுத்துப் படித்துப் பழகிய கண்.

"நிக்கிற எடத்துலயே வாசிச்சிட்டாரு! எழுதுங்க சேர், பன்னெண்டு!" என்றாள் காளியாயி.

"நான் எதுக்கு?" என்றார் நானா.

"லைசன்சுக்கு."

"என்ட கடைக்கு லைசன்ஸ் ஈக்கி!"

நிப்ராஸ் சிரிப்பில் பேனாவைத் தவறவிட்டான். குனிந்து எடுத்து, "சரி, பன்னெண்டு. போதும்" என்றான்.

"பதிமூணு சேர்" என்றாள் நாகலெட்சுமி அமைதியாக.

"எப்பிடி?"

"நீங்க."

"நான் கொம்பனி ஆள். என்ன எண்ண ஏலாது."

"நீங்க எடத்த அடைச்சிக்கிட்டு நிக்கிறீங்களே சேர். அந்த எடத்துல ஒரு புள்ள ஒக்காரும்ல? வாசிக்க முடியுதா முடியலையா, அத மட்டும் சொல்லுங்க."

அவன் திரையைப் பார்த்தான். பார்க்காமல் இருக்கவும் வழியில்லை. ஒரு பக்கம் பொன்னையாவின் முழங்கை, மற்றப் பக்கம் அலுமாரி.

"முடியுது" என்றான்.

ஒப்பந்தத்தின் ஓரத்தில் அவனே கையால் எழுதினான்: இந்நூலகத்தில் 'பாவனையாளர்' என்பது, ஒரே கணினியின் முன் ஒரே நேரத்தில் இருந்து திரையை வாசிக்கக்கூடிய, பதின்மூவருக்கு மேற்படாத குழுவைக் குறிக்கும். டிசம்பர் முப்பத்தொன்று வரை செல்லும். சன்னலுக்கு வெளியே கையை நீட்டி அஸீலாவுக்கு வாசித்துக் காட்டினான். அவர் ஒரு சொல்லை மாற்றச் சொன்னார், பிறகு சரி என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். எல்லோரும் இடம் மாறாமல் அப்படியே நிற்க, நிப்ராஸ் படம் எடுத்தான். அதில் பக்கீர் நானா மட்டும் சிரிக்கவில்லை. தராசை நினைத்துக்கொண்டிருந்திருப்பார். பொதிக்குள் இருந்தது ஒரு புத்தகப் பை. அதை அலுமாரி ஆணியில் மாட்டி, ஒன்பது பேரின் பென்சில்களையும் அதில் போட்டோம்.

புது சீடி அடுத்த கிழமையே வந்தது. ஞாயிறு காலை கதவைத் திறந்தால் படியில் கூட்டம். செய்தி ஆற்றுக்கு அந்தப் பக்கத் தோட்டத்துக்கும் போயிருந்தது. அங்கேயிருந்தும் கணிதத்தில் கோட்டை விட்ட நாலு பேர் வந்திருந்தார்கள். செருப்பெல்லாம் சேறு. ஒருத்தி கைக்குழந்தையோடு.

"ஒம்பதும் நாலும் பதிமூணு" என்றாள் காளியாயி. "லைசன்சுக்குள்ள வருது மிஸ்."

"குழந்தை?"

"அதுக்கு வாசிக்கத் தெரியாது மிஸ். கணக்கில்ல."

எல்லோரும் சொந்தப் பெயரைப் பதிந்தார்கள். பிறகு ஒட்டி நெருங்கி உட்கார்ந்தார்கள். பதின்மூன்று தலைகள். நான் வழக்கம்போல் பின்னால் போய் எட்டிப் பார்க்கக் குனிந்தேன். நாகலெட்சுமி திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு பதின்மூன்று தலைகளையும் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ பிள்ளையள்" என்று சொல்லி, என் கதிரையைக் குழந்தைக்காரிக்குக் கொடுத்துவிட்டு, நான் சன்னலடிக்குப் போய் வெளியே பார்த்து நின்றேன். ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கியவள் நான். நானே பதினான்காவது ஆளாக நிற்கலாமா? மழை விட்டிருந்தது. கீழே பொன்னையா ஆட்டோவுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் மீனம்மா முதலாம் பாடத்தின் முதல் கேள்வியைச் சத்தமாக வாசித்தாள். ஆளுக்கொரு விடை கத்தினார்கள்.

ஒரு விடையும் சரியில்லை. எனக்கு விடை தெரிந்திருந்தது.

விடையைத் திரும்பாமலே சொல்லிவிட்டேன். காதால் கேட்பதற்கும் லைசன்ஸ் வேண்டுமா என்று அஸீலா மேடத்திடம் நான் இன்னும் விசாரிக்கவில்லை.